ஏப்ரல் 18, காலை 8.20: டூலிட்டில் வீரர்களுக்கு ஒரு மணி நேர நினைவஞ்சலி நடத்தும் முறை

1942 ஏப்ரல் 18 அன்று, இரண்டாம் உலகப் போரின்போது, ஹார்னெட் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 16 பி-25 குண்டுவீச்சு விமானங்கள் டோக்கியோவையும் வேறு சில ஜப்பானிய நகரங்களையும் நோக்கிக் கிளம்பின. விமானத்துக்கு ஐந்து பேராக மொத்தம் 80 பேர், தலைவர் ஜேம்ஸ் டூலிட்டில். எங்கே போகிறோம் என்று தெரியாமலே, ஆபத்தான பணி என்ற ஒரே தகவலை நம்பித் தாமாக முன்வந்தவர்கள். இவர்களுக்கான அஞ்சலியில் பலரும் 80 பெயர்களையும் ஒரே மூச்சில் வாசித்துவிடுகிறார்கள். இருபதாவது பெயருக்குள் கேட்பவர் கவனம் சிதறிவிடும்.

அன்றைய கால அளவையே பிடித்துக்கொள்ளுங்கள். முதல் விமானம் கப்பல் நேரப்படி காலை 8.20க்கு எழும்பியது, கடைசி விமானம் ஏறக்குறைய 9.20க்கு. ஆகவே நான்கு நிமிடத்துக்கு ஒரு மணியோசை, ஒவ்வொன்றுக்கும் ஐந்து பெயர், அவரவர் பணி: விமானி, துணை விமானி, வழிகாட்டுநர், குண்டு வீசுபவர், பொறியாளர்-துப்பாக்கி வீரர். வாசிக்க அரை நிமிடம் போதும். மீதி இடைவெளியில் அந்த விமானத்துக்கு என்ன நேர்ந்தது என்று ஒருவர் சொல்லட்டும்.

முந்தைய நாள் மாலையே மைதானத்தில் ஓடுதளத்தை வரையுங்கள். முதல் விமானத்துக்கு, அதாவது ஜேம்ஸ் டூலிட்டிலுக்கு, கிடைத்த தூரம் 467 அடி, சுமார் 142 மீட்டர். நைலான் கயிற்றால் அளக்காதீர்கள், இழுத்தால் நீளும். அளவு நாடாவே சரி. சுண்ணாம்புத் தூளால் இரண்டு கோடுகள் போடுங்கள்: ஒன்று மூக்குச் சக்கரத்துக்கு, மற்றது இடது சக்கரத்துக்கு. கப்பலின் மேல்தளத்திலும் இப்படித்தான் வரைந்திருந்தார்கள். கோட்டை விட்டு விலகாதவரை வலது இறக்கை நுனிக்கும் கப்பலின் கோபுரத்துக்கும் நடுவே சுமார் ஆறடி இடைவெளி இருக்கும். பி-25இன் இறக்கை அகலமான 20.6 மீட்டருக்கு வெட்டிய கயிற்றின் இரு முனைகளை இருவர் பிடித்துக்கொண்டு கோட்டின் மேல் நடந்து காட்டினால், அந்த ஆறடி எவ்வளவு குறைவு என்பது எல்லோருக்கும் புரியும். கப்பல் பலத்த எதிர்க்காற்றில் விரைந்துகொண்டிருந்ததையும் கட்டாயம் சொல்லுங்கள். இல்லையென்றால் 142 மீட்டர் நம்ப முடியாத கதையாகிவிடும்.

ஓடுதளத்தின் பக்கத்தில் 20 லிட்டர் கேன்கள் பத்து வையுங்கள். ஒவ்வொரு விமானத்திலும் கூடுதல் தொட்டிகளோடு ஐந்து காலன் கேன்கள் பத்து இருந்தன. மொத்த எரிபொருள் ஏறக்குறைய 4,300 லிட்டர். ஜப்பானியக் காவற்படகு ஒன்று கப்பல்களைப் பார்த்துவிட்டதால் சுமார் 10 மணி நேரம் முன்னதாகவே, இன்னும் வெகுதூரத்தில் இருக்கும்போதே கிளம்ப நேர்ந்தது. இறங்கத் திட்டமிட்டிருந்த சீன விமானதளங்களை எட்டாமல் 15 விமானங்கள் அழிந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். கேன்களுக்கு அருகே கறுப்புச் சாயம் பூசிய இரண்டு துடைப்பக் கட்டைகளையும் வையுங்கள். வால் பகுதியில் துப்பாக்கி இருப்பதுபோல் தோன்ற அவற்றைத்தான் பொருத்தியிருந்தார்கள்.

மேசையில் 80 கோப்பைகளை நிமிர்த்தி வையுங்கள். 1959இல் அமெரிக்காவின் டூசான் நகரம் இந்த வீரர்களுக்கு அளித்த வெள்ளிக் கோப்பைகளில் ஒவ்வொரு பெயரும் நேராக ஒருமுறை, தலைகீழாக ஒருமுறை பொறிக்கப்பட்டது. இறந்தவரின் கோப்பையைக் கவிழ்த்தாலும் பெயர் படிக்க வேண்டுமே. உங்கள் கோப்பைகளில் ஒட்டும் பெயர்ச் சீட்டிலும் அப்படியே எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா நல்லது. நீரில் கரையும் மை ஈரம் பட்டால் கலைந்துவிடும்.

பெயர் வாசித்ததும் கோப்பையைக் கவிழ்க்க வேண்டும். மூன்று மணியோசைகளில் அவசரப்படாதீர்கள். பணியிலும் ஜப்பானியச் சிறையிலுமாக உயிரிழந்த ஏழு பேரும் மூன்று விமானங்களைச் சேர்ந்தவர்கள். மூன்றாவதில் லேலண்ட் ஃபாக்டர். ஆறாவதில் கடலில் மாண்ட வில்லியம் டீட்டர், டொனால்ட் ஃபிட்ஸ்மாரிஸ். சுட்டுக் கொல்லப்பட்ட டீன் ஹால்மார்க். சிறையில் இறந்த ராபர்ட் மெடர். பதினாறாவதில் சுட்டுக் கொல்லப்பட்ட வில்லியம் ஃபாரோ, ஹரோல்ட் ஸ்பாட்ஸ். எட்டாவது விமானம் சோவியத் யூனியனின் விளாடிவோஸ்டாக் அருகே முழுதாக இறங்கியது. 16 விமானங்களும் நொறுங்கின என்று சொல்வது தவறு.

வீரர்களை ஒளித்துக் காப்பாற்றிய சீனக் கிராமத்தினரை மறந்துவிடும் நிகழ்ச்சிகள் உண்டு. அது பெரும் குறை. ஜப்பானியப் படை செஜியாங், ஜியாங்சி மாகாணங்களில் பழிதீர்த்து ஏராளமான பொதுமக்களைக் கொன்றது. குண்டுவீச்சில் ஜப்பானியப் பொதுமக்களும் இறந்தார்கள். பத்தாவது மணியோசைக்குப் பின்வரும் இடைவெளியை இவர்களுக்கென ஒதுக்குங்கள்.

முதல் மணியோசையில் நான்கு கோப்பைகளை மட்டும் கவிழ்க்க வேண்டும். டூலிட்டிலின் துணை விமானி ரிச்சர்ட் கோலின் கோப்பை நிமிர்ந்தே இருக்கட்டும். 80 பேரில் கடைசியாக மறைந்தவர் அவர்: 2019 ஏப்ரல் 9, வயது 103. பதினாறாவது மணி ஓய்ந்தபின், அவர் பெயரை இன்னொரு முறை வாசித்து அதைக் கவிழ்த்துங்கள்.