கேரட் சாறும் கண்ணாடியும்: வைட்டமின் ஏ குறித்துச் செய்யும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் எதிர்வீட்டு அக்கா, வகுப்பில் பலகை எழுத்து தெரியவில்லை என்ற மகனுக்கு மூன்று மாதங்களாகக் கேரட்டை அரைத்து, சக்கையை வடித்துவிட்டுச் சாற்றை மட்டும் வெறும் வயிற்றில் கொடுத்து வந்தார். பையனுக்கு இருந்ததோ கிட்டப்பார்வை. விழிக்கோளம் நீண்டுவிடுவதால் வருகின்ற அந்தக் குறைக்கு வேண்டியது கண்ணாடி.

வைட்டமின் ஏ வேலை செய்யும் இடமே வேறு. விழித்திரையின் கோல் செல்களில் ஆப்சின் என்னும் புரதம் உள்ளது. வைட்டமின் ஏயிலிருந்து உருவாகும் ரெட்டினால் அதனுடன் சேர்ந்தால்தான் மங்கிய ஒளியை உணரும் ரொடாப்சின் உண்டாகும். ஒளி பட்டவுடன், வளைந்திருந்த ரெட்டினால் நிமிர்ந்து புரதத்தின் வடிவத்தை மாற்றிவிட்டுக் கழன்று, பின்னாலுள்ள நிறமிப் படலத்தில் மீண்டும் வளைக்கப்பட்டுத் திரும்பி வருகிறது. இத்துறையில் உழைத்த ஜார்ஜ் வால்டு 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஓர் ஆப்சினில் ஒரு ரெட்டினாலுக்குத்தான் இடமுண்டு. ஆகவே குறைபாடு இல்லாதவர் எவ்வளவு கேரட் தின்றாலும் பார்வை கூர்மையாகாது. சத்து குறைந்தால் மாலைக்கண் வருகிறது.

அக்காவின் சாற்றில் இன்னொரு பிழையும் இருந்தது. கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. எண்ணெயில் வதக்கிய முருங்கைக்கீரையே நன்றாகச் சேரும். உணவிலுள்ள 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் 1 மைக்ரோகிராம் ரெட்டினோலுக்கு, அதாவது நேரடி வைட்டமின் ஏக்குச் சமமாகக் கணக்கிடப்படுகிறது. செம்பனைத் தோட்டத்தின் நடுவே வாழ்கிறோம், சமையலெண்ணெயிலேயே எல்லாம் கிடைத்துவிடும் என்பதும் மயக்கம்தான். பிழிந்த எண்ணெய்க்குச் சிவப்பைத் தருகிற கரோட்டின், சுத்திகரிப்பில் பெரும்பாலும் போய்விடுவதால்தான் கடை எண்ணெய் வெளிறியிருக்கிறது.

இவையெல்லாம் ஆபத்தில்லாத தவறுகள், மாத்திரை அப்படியன்று. கரோட்டின் மிகுந்தால் தோல்தான் மஞ்சளாகும். மாத்திரையிலுள்ள நேரடி வைட்டமின் ஏயோ மிகுந்தால் கல்லீரலில் தேங்கி நஞ்சாகும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 700 முதல் 900 மைக்ரோகிராம் போதும், 3000ஐத் தாண்டக்கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இம்மாத்திரையைத் தொடவே கூடாது; அளவு மீறினால் கருவுக்குப் பிறவிக் குறை நேரலாம்.

அந்தியில் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடுமாறும் ஒருவருக்குக் கண்புரையோ, நீரிழிவால் கெட்ட விழித்திரையோ, பரம்பரை நோயோ இருக்கலாம் என்பதால், மருந்துக்கடைக்குப் போகுமுன் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். எதிர்வீட்டுப் பையன் இப்போது கண்ணாடி அணிகிறான். கேரட் சாம்பாருக்குத் திரும்பிவிட்டது.