ரிகம்பன்ட் சைக்கிளுக்குக் காபன் சில்லும் பவர் மீற்றரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாய்ந்தபடி ஓட்டும் ரிகம்பன்ட் சைக்கிளுக்குக் காபன் சில்லு தேடத் தொடங்கினால் கையில் கிடைக்கும் ஆலோசனை எல்லாம் சாதாரண பந்தய சைக்கிளை வைத்துச் சொன்னதாகத்தான் இருக்கும். அதை அப்படியே நம்பிப் பணம் கட்டுவதுதான் பெரிய தவறு. மற்றத் தவறுகளில் பாதி அதிலிருந்து பிறப்பவை.

இதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1933இல் பிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சு வீரர் ரிகம்பன்ட் ஒன்றில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீற்றரைத் தாண்டினார். அடுத்த ஆண்டே சர்வதேச சைக்கிள் சம்மேளனம் இந்த வடிவத்தைப் பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டது. அதன்பின் பந்தய உதிரிப்பாகங்கள் எல்லாம் நிமிர்ந்த சைக்கிளைச் சுற்றியே வளர்ந்தன. விற்பனைக்கு வரும் காபன் சில்லுகளில் பெரும்பாலானவை 700சி, அதாவது அந்தப் பந்தய சைக்கிளின் பெரிய சில்லு அளவு. நம் சைக்கிளிலோ முன்னுக்கு ஒரு அளவு, பின்னுக்கு ஒரு அளவு இருக்கலாம்.

அளவை அங்குலத்தில் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். "20 அங்குலம்" என்ற பெயரில் இரண்டு றிம் இருக்கின்றன: ரயர் உட்காரும் இடத்தின் விட்டம் ஒன்றில் 406 மில்லிமீற்றர், மற்றதில் 451 மில்லிமீற்றர். ஒன்றின் ரயர் மற்றதில் ஏறாது. 26 அங்குலம் இன்னும் குழப்பம்: 559, 571, 590 எல்லாமே அந்தப் பெயரில்தான் விற்கப்படுகின்றன. திருகோணமலை நகரத்துக் கடையில் போய் "26 ரயர் தாங்கோ" என்றால், சாதாரண ஓட்டத்துச் சைக்கிளின் 590 கைக்கு வர நல்ல வாய்ப்பு உண்டு. உங்கள் றிம் 559 என்றால் அது உதவாது. ரயரின் பக்கத்தில் 28-406 என்பதுபோல் அச்சிட்டிருக்கும். இரண்டாவது எண்தான் முக்கியம். முன் சில்லு 20 என்றால் 406ஐயே எடுங்கள். சிறுபிள்ளைகளின் சைக்கிளுக்கும் அதே அளவுதான், அவசரத்துக்கு எந்தக் கடையிலும் ஒரு ரயர் கிடைக்கும். சில்லின் நடுவிலுள்ள ஹப்பின் அகலத்தையும் அளந்து பாருங்கள்: பின்பக்கம் 130, 135, 142 மில்லிமீற்றர் என்று மூன்றும் புழக்கத்தில் உள்ளன. முன்னுக்கு இரண்டு சில்லுள்ள மூன்று சில்லு வண்டி என்றால், இருசில்லு வண்டிக்குச் செய்த காபன் சில்லை அதில் பூட்ட வேண்டாம். அந்த வண்டி வளைவில் சாயாது, பக்கவாட்டுச் சுமை முழுவதும் கம்பியிலும் றிம்மிலும்தான் விழும்.

அப்புறம் காற்று. மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை தரைப்பக்கமிருந்து கச்சான் காற்று அடிக்கும். திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியோ கரையோரமாக வடக்கே போவது. ஆக, போகும்போது இடப்பக்கத்தில் அறையும், வரும்போது வலப்பக்கத்தில். மரமும் மதிலும் மறைக்கிற வரைக்கும் தெரியாது. இறக்கக்கண்டிப் பாலத்தில் ஏறியதும் முன் சில்லு சட்டென்று விலகும். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்திலும் இதே கதைதான். நிமிர்ந்து ஓட்டுபவர் உடம்பைச் சற்றுச் சரித்துச் சமாளிப்பார். முதுகு சீற்றில் கிடக்கும் நமக்குக் கைபிடி மட்டும்தான். அதனால் முன்னுக்கு 50, 80 மில்லிமீற்றர் ஆழமுள்ள றிம்மை வாங்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். முன்னுக்கு 30க்குக் கிட்ட இருந்தால் போதும், ஆழம் வேண்டுமென்றால் பின்னுக்கு வையுங்கள். காற்றைக் கிழிக்கும் வேலையில் பெரும்பங்கை உங்கள் சாய்ந்த இருப்பே ஏற்கெனவே செய்துவிட்டது. றிம் தரப்போகும் மிச்சம் கொஞ்சம்தான்.

காற்றைவிட மெதுவாக, ஆனால் நிச்சயமாகக் கெடுப்பது உப்பு. காபனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பீரம் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். கம்பியை றிம்மோடு பிடிக்கும் நிப்பிளில்தான் முதலில் தெரியும்: அடியில் வெள்ளையாகப் பொடி படியும், பிறகு ஒருநாள் சாவி போட்டுத் திருப்பும்போது நிப்பிள் தலை உடைந்து கையோடு வரும். பித்தளை நிப்பிள் கேட்டு வாங்குங்கள். ஒரு சில்லுக்கு ஏறத்தாழ 20 கிராம்தான் கூடும். நிப்பிள் றிம்முக்குள் மறைந்திருக்கும் வகை நம் கரைக்கு ஏற்றதல்ல. ரயரைக் கழற்றினால்தான் பார்க்கவே முடியும்.

ஹூக்லெஸ் றிம், அதாவது ரயரின் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி இல்லாதது, 5 பார் அழுத்தத்துக்கு மேல் கூடாது. சுமார் 72 பிஎஸ்ஐ. ரிகம்பன்ட்காரர் மெல்லிய ரயருக்கு 100 பிஎஸ்ஐ அடிப்பது சாதாரணம். அந்தப் பழக்கம் உள்ளவர் கொக்கியுள்ள றிம்மையே பார்க்க வேண்டும். றிம் பிறேக் உள்ள காபன் சில்லுக்கு அதற்கேற்ற பிறேக் கட்டைகள்தான் போட வேண்டும். கண்டி, நுவரெலியா இறக்கங்களுக்குக் கொண்டுபோகிறவர் டிஸ்க் பிறேக்கை நாடுவது நல்லது.

சரி, பவர் மீற்றர், அதாவது நாம் மிதிக்கும் வலுவை வாட்டில் அளக்கும் கருவி. கையில் காசு ஒன்றுக்குத்தான் காணும் என்றால் சில்லை விட்டு இதை வாங்கச் சொல்வேன். ஏற்ற இறக்கம் இல்லாத நம் வீதிகளில் சில்லின் எடை குறைந்து கிடைக்கும் லாபத்தைவிட, எத்தனை வாட் கொடுக்கிறோம் என்று தெரிவது கூடப் பயன் தரும்.

இங்கே பெரிய சறுக்கல் கிராங்கின், அதாவது பெடல் பூட்டும் தண்டின், நீளம். முழங்காலைக் காப்பாற்ற ரிகம்பன்ட்காரர் பலர் 150, 155 மில்லிமீற்றர் கிராங்க் போடுவார்கள். கிராங்கோடு சேர்ந்து வரும் மீற்றர்கள் பெரும்பாலும் 165இலிருந்துதான் தொடங்குகின்றன. மீற்றருக்காகக் கிராங்கை நீட்டாதீர்கள், பெடல் மீற்றரைப் பாருங்கள். ஆனால் பெடல் மீற்றருக்குக் கிராங்கின் நீளத்தை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். உள்ளது 155, பதிந்தது 170 என்றால், நீங்கள் 180 வாட் கொடுக்கும்போது அது 197 என்று காட்டும். அந்த எண்ணைப் பார்த்துப் பூரித்துப்போய்ப் பயிற்சித் திட்டம் போட்டவர் பாவம், எல்லாமே பிசகும்.

இடது பக்கம் மட்டும் அளக்கும் மீற்றர் அந்தக் காலின் பலத்தை இரட்டிப்பாக்கிக் காட்டுகிறது. இடது 104, வலது 96 என்றால் மொத்தம் 200. அது காட்டுவதோ 208. எப்போதும் அதே மீற்றரை வைத்து உங்களோடு உங்களை ஒப்பிடப் போதும், வலுவில் கால்கள் வேறுபட்டவருக்குப் போதாது. ஹப்பில் அளக்கும் மீற்றர் இன்னொரு விதம். நம் செயின் சாதாரண சைக்கிளின் செயினைவிட இரண்டு மூன்று மடங்கு நீளம், இடையில் உருளைகளும் உண்டு. அங்கே இழந்தது போகத்தான் ஹப்புக்கு வரும், அதனால் பெடல் மீற்றரைவிடக் குறைத்தே காட்டும். இரண்டையும் ஒப்பிட்டு மீற்றர் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். நிமிர்ந்த சைக்கிளில் எடுத்த உங்கள் வாட் அளவையும் இங்கே கொண்டுவர வேண்டாம். சாய்ந்த இருப்புக்குக் கால் பழகும்வரை பெரும்பாலானோருக்குக் குறைவாகத்தான் வரும், தனியாகச் சோதித்துப் பதியுங்கள்.

வீட்டுக்குள்ளிருந்து வெயிலுக்கு எடுத்ததும் உடனே மீற்றருக்குப் பூச்சியம் வைக்காதீர்கள், அதாவது மிதிக்காத நிலையைப் பூச்சியமாகப் பதியாதீர்கள். மீற்றரின் வெப்பம் வெளிக்கு ஒத்துவரட்டும், சில நிமிடம் போதும். பூச்சியம் வைக்கும்போது கிராங்கைச் செங்குத்தாக வைக்கச் சொன்னால் அது நிலத்துக்குச் செங்குத்து, சீற்றுக்கு அல்ல. தண்ணீர் புகாது என்பதற்கான ஐபிஎக்ஸ்7 குறியைப் பெட்டியில் போட்டிருந்தாலும் அது நன்னீரில் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் வைத்துச் செய்த சோதனைதான். கடற்கரைப் பக்கம் ஓடிவிட்டு வந்தால் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, பற்றரி மூடியைக் கழற்றி உள்ளே பச்சை பிடிக்கிறதா என்று இடைக்கிடை பாருங்கள்.