ஜப்பான் வீட்டு ஓவனில் முதல் கேக்: அது 'பீப்' அடித்த பிறகும் பத்து நிமிடம் பொறுங்கள்

போன டிசம்பரில் மகள் பிறந்தநாளுக்கு வெளியில் வாங்க வேண்டாம், வீட்டிலேயே செய்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். அடுத்தடுத்து மூன்று கேக்குகள் வீணாயின. மூன்றும் ஒரே மாதிரி: மேலே கருத்துவிட்டது, வெட்டினால் நடுவில் வேகாத மாவு கத்தியில் பசை போல ஒட்டிக்கொண்டு வந்தது. ஊரில் அம்மா வீட்டு ஓவனில் இதே அளவுகளில் எத்தனையோ முறை செய்திருக்கிறேன், அதனால் அளவில் தப்பில்லை என்று தெரியும். எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் புதிதாகக் குடிவந்த இரண்டு தோழிகளும் இதையே கேட்டதால் மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

உங்களிடம் இருப்பது ஓவன்தானா?

இங்கே வாடகை வீடுகளில் ஓவன் இருக்காது. கேஸ் அடுப்புக்குக் கீழே இழுப்பறை போல இருப்பது மீன் சுடுகிற கிரில், அதில் கேக் வேண்டாம். கடையில் ஒரே மாதிரிப் பெட்டியாகத் தெரியும் இரண்டு சாமான்கள் உண்டு. 'தான்கினோ ரெஞ்ஜி' என்பது வெறும் மைக்ரோவேவ், சாப்பாடு சூடாக்க மட்டும். 'ஓபுன் ரெஞ்ஜி' என்பதுதான் மைக்ரோவேவும் ஓவனும் சேர்ந்தது. முன்பக்கத்தில் 'ஓபுன்' என்று ஒரு பட்டனும், 100 முதல் 200, 250 டிகிரி வரை வைக்கும் வசதியும் இருந்தால் சரி.

ஊருக்குத் திரும்புகிறவர்களிடம் பழையது வாங்கினால் பின்பக்க லேபிளில் ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பாருங்கள். டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60. 1890களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதில் வந்த பிரிவு இன்றும் அப்படியே இருக்கிறது. 50/60 என்று இரண்டும் போட்டிருந்தால் எங்கே மாறினாலும் கவலையில்லை. வெறும் 50 என்றால் ஒசாகாவுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

வாங்க வேண்டியவை

முதல் கேக்குக்கு நான் சொல்வது பவுண்டு கேக்தான். வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 100 கிராம், எம் சைஸ் முட்டை 2, மாவு 100 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன். 18 செ.மீ. நீளமுள்ள பவுண்டு கேக் டின். இங்கே வெண்ணெய் பெரும்பாலும் 200 கிராம் பெட்டியாகக் கிடைக்கும், சரியாகப் பாதி போதும். எம் சைஸ் முட்டை ஓட்டோடு 58 முதல் 64 கிராம், ஓடு போனால் ஏறக்குறைய 50. எல்லாம் நூறு நூறாக அமைந்துவிடுகிறது.

மாவு: 'ஹகுரிகிகோ' வாங்குங்கள். பக்கத்திலேயே 'க்யோரிகிகோ' இருக்கும், அது பிரட் மாவு. ஹகுரிகிகோவில் புரதம் 8 சதவீதம் போல, க்யோரிகிகோவில் 12 போல. மாற்றி எடுத்தால் கேக் இழுவையாக வரும். நான் எடுப்பது நிஷ்ஷினின் வயலெட், எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் இருக்கிறது. இந்தியக் கடை மைதாவிலும் செய்யலாம், ஆனால் இந்த மாவின் மென்மை அதில் வருவதில்லை என்பது என் அபிப்பிராயம். திறந்த பாக்கெட்டை இறுக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், ஜூன் மாத மழைக்காலத்தில் வெளியே விட்டால் கண்ணுக்குத் தெரியாத பூச்சி சேரும், அது சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கொடுத்துவிடும்.

சர்க்கரை: மலிவாக அடுக்கியிருக்கும் 'ஜோஹகுதோ' ஈர மணல் மாதிரி இருக்கும். இனிப்புக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சீக்கிரம் சிவந்துவிடும். ஏற்கெனவே மேல்பக்கம் கருகுகிற ஓவனில் அது வேண்டாம், 'குரான்யூதோ' வாங்குங்கள்.

வெண்ணெய்: பெட்டியில் 'முயென்' அல்லது 'ஷொகுயென் ஃபுஷியோ' என்றிருந்தால் உப்பில்லாதது. 'யூயென்' உப்புள்ளது. பக்கத்து அலமாரியில் வெண்ணெய்ப் படம் போட்டு மார்கரினும் இருக்கும், பார்த்து எடுங்கள்.

அளக்கிற கப் வேண்டாம். இங்கே கப் என்றால் 200 மில்லி, ரைஸ் குக்கரோடு வருவது 180, இணையத்தில் இருக்கும் அமெரிக்கக் குறிப்புகளில் 240. மூன்றையும் கலந்து யாருக்கும் கேக் வராது. ஆயிரத்துச் சொச்சம் யெனுக்கு டிஜிட்டல் தராசு கிடைக்கிறது, முதலில் அதை வாங்குங்கள். அப்புறம் ஓவனுக்குள் வைக்கிற தெர்மாமீட்டர், தனிதா நிறுவனத்தினுடையது என்னிடம் இருக்கிறது. இந்த இரண்டும் இருந்தால் ஸ்டாண்ட் மிக்ஸர் எல்லாம் தேவையே இல்லை.

செய்முறை

1. எல்லாவற்றுக்கும் முன்னால் வெண்ணெயை இளக்குங்கள். ஊரில் மேஜையில் வைத்தால் தானாக இளகும், இங்கே ஜனவரியில் சமையலறையில் காலை முதல் மாலை வரை வைத்தாலும் செங்கல்தான். துண்டு துண்டாக வெட்டி மைக்ரோவேவில் 200 வாட்டில் பத்துப் பத்து விநாடியாக வையுங்கள். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், உருகக் கூடாது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நம்மிடம் இருப்பது ஒரே பெட்டி. ஓவனைச் சூடேற்றிவிட்டு வெண்ணெய் ஞாபகம் வந்தால், சூடாக இருக்கிறேன் என்று காட்டி அது மைக்ரோவேவாக வேலை செய்ய மறுக்கும். முட்டையையும் இப்போதே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

2. இப்போது ஓவன். என் மூன்று கேக்குகளும் போன இடம் இது.

சூடேற்றுவதற்கு 'யோநெட்சு' என்று ஒரு பட்டன் உண்டு. 170 வைத்து அழுத்தினால் பத்து நிமிடத்துக்குள் பீப் அடித்துத் தயார் என்கிறது. நான் நம்பிவிட்டேன். தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வைத்துப் பார்த்த அன்றைக்குத்தான் புரிந்தது: பீப் அடித்தபோது முள் 145இல் நின்றது. கதவைத் திறந்து டின்னை வைத்து மூடியதும் 120க்குக் கீழே போனது. மறுபடி 170க்கு வர கால் மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அதற்குள் பேக்கிங் பவுடர் பாதி வேலையை முடித்துவிடுகிறது, இழந்த சூட்டைப் பிடிக்க மேலே இருக்கிற ஹீட்டர் விடாமல் எரிகிறது, அதனால்தான் மேலே கருகல், உள்ளே மாவு.

இது சின்னப் பெட்டி, சுவரும் மெல்லியது. சென்சார் சொல்வது அது இருக்கிற இடத்துச் சூட்டை, சுவரும் தட்டும் இன்னும் காய்ந்திருக்காது. கதவைத் திறந்தால் உள்ளே இருக்கிற சூடான காற்று மொத்தமும் வெளியே வந்துவிடும்.

நான் இப்போது செய்வது இது. கேக்குக்குத் தேவை 170 என்றால் 210 வைக்கிறேன். பீப் அடித்த பிறகு இன்னும் பத்து நிமிடம் விடுகிறேன். சில மாடல்கள் அப்படி விட்டால் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும், அப்படியானால் யோநெட்சுவே வேண்டாம், 'யோநெட்சு நாஷி' என்பதில் 210 டிகிரி, 25 நிமிடம் என்று வெறும் ஓவனை ஓடவிடுங்கள். டின்னைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு கதவைத் திறந்து, வைத்து, மூடி, அப்புறம் 170க்கு மாற்றுங்கள். தட்டை உள்ளே வைத்துச் சூடேற்றுவதா வெளியே வைத்தா என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் 'ககுசாரா' என்ற கறுப்புத் தட்டின் படத்தைத் தேடுங்கள். அந்த இரும்புத் தட்டை மைக்ரோவேவில் மட்டும் எப்போதும் வைக்காதீர்கள், பொறி பறக்கும்.

இன்னொன்று. 250 டிகிரி என்று விளம்பரத்தில் இருந்தாலும் பல மாடல்களில் அது ஐந்து நிமிடத்துக்குத்தான், பிறகு தானாக 200 பக்கம் இறங்கிவிடும். கேக்குக்கு இது பிரச்சினையில்லை, பீட்சா செய்கிறவர்கள் கவனிக்கவும்.

3. சூடேறுகிற நேரத்தில் மாவைக் கலக்கலாம். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்துப் பஞ்சு போல ஆகும்வரை ஹேண்ட் மிக்ஸரில் நாலைந்து நிமிடம். முட்டையை அடித்து ஐந்தாறு தடவையாக ஊற்றுங்கள். திரிந்தது போல ஆனால் அளந்து வைத்த மாவிலிருந்து ஒரு ஸ்பூன் போட்டு அடித்தால் சேர்ந்துவிடும். மாவையும் பேக்கிங் பவுடரையும் சலித்துக் கொட்டி ஸ்பேட்டுலாவால் அடியிலிருந்து புரட்டிக் கலக்குங்கள், மாவு மறைந்ததும் நிறுத்தாமல் பளபளப்பு வரும்வரை இன்னும் முப்பது நாற்பது தடவை. வாசனைக்கு வெனிலா எசென்ஸ் இல்லாமல் 'பனிரா ஒய்ரு', அதாவது வெனிலா ஆயில் வாங்குங்கள், அடுப்பில் வாசம் போகாது. நான் அதோடு நாலு ஏலக்காய் பொடித்துப் போடுவேன்.

4. 170இல் 40 முதல் 45 நிமிடம். பன்னிரண்டாவது நிமிடத்தில் ஈரக் கத்தியால் நடுவில் நீளமாக ஒரு கீறல், சட்டென்று. அந்த இடத்தில்தான் அழகாக வெடிக்கும். பாதி நேரத்தில் டின்னை முன்பின்னாகத் திருப்பி, மேலே சிவந்திருந்தால் அலுமினிய ஃபாயிலை லேசாக மூடுங்கள். மூங்கில் குச்சியைக் குத்தினால் சுத்தமாக வர வேண்டும். சூடு குறைந்து கைபொறுக்கும்போதே பிளாஸ்டிக் ராப்பில் சுற்றிவிடுங்கள். மறுநாள்தான் இதற்கு ருசி.

பிற்சேர்க்கை 1: டின்னோடு பேப்பர் சேர்ந்து ஒட்டிக்கொண்டது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நாம் பட்டர் பேப்பர் என்று சொல்வது இங்கே 'குக்கிங்கு ஷீதோ'. 'குக்கிங்கு பேபா' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் எண்ணெய் உறிஞ்சுகிற பேப்பர். படத்தில் பஜ்ஜி போட்டிருந்தால் அதை வாங்காதீர்கள்.

பிற்சேர்க்கை 2: முட்டை இல்லாமல் கேட்டவர்களுக்கு: ஹகுரிகிகோ 150, சர்க்கரை சேர்க்காத தயிர் 150, சர்க்கரை 90, எண்ணெய் 60 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன். சூடு, நேரம் எல்லாம் அதேதான். சமையல் சோடாவுக்கு இங்கே பெயர் 'ஜூசோ'. இதில் கவனம் வேண்டும்: துப்புரவு சாமான்கள் பக்கத்தில் பெரிய பையில் விற்பது பாத்திரம் தேய்க்க, அதைச் சாப்பாட்டில் போடக் கூடாது. மாவும் சர்க்கரையும் இருக்கிற அலமாரியில் 'ஷொகுயோ', அதாவது உணவுக்கானது என்று எழுதியிருப்பதை எடுங்கள்.

பிற்சேர்க்கை 3: பாதியில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். எனக்கும் நடந்தது, ஓவனும் அறை ஹீட்டரும் ஓடும்போது கெட்டிலைப் போட்டேன், வீடே இருண்டது. ஓவன் மட்டுமே 1300, 1400 வாட் இழுக்கும், நம் வீட்டு ஒப்பந்தம் 30 ஆம்பியர் என்றால் மொத்தமே 3000 வாட்தான். எக்ஸ்டென்ஷன் கார்டில் போடாமல் நேராகச் சுவரில் சொருகுங்கள், கேக் வேகும்வரை கெட்டில், ஹேர் டிரையர் இரண்டும் வேண்டாம். பிரேக்கர் விழுந்துவிட்டால் கதவைத் திறக்காமல் முதலில் பிரேக்கரைத் தூக்குங்கள். ஓவனில் நேரம் அழிந்திருக்கும், யோநெட்சு நாஷியில் 170 வைத்து மீதி நேரத்தோடு ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். முதல் இருபது நிமிடம் தாண்டியிருந்தால் கேக் பிழைத்துவிடும்.