தானாக அணையும் தொலைக்காட்சி: காரணத்தைக் கண்டறிவது எப்படி?

பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொலைக்காட்சி அணைந்துவிட்டால், கை உடனே ரிமோட்டைத் தேடுகிறது. மீண்டும் இயக்கிவிட்டுப் பார்ப்பதைத் தொடர்கிறோம். ஆனால் பழுதைக் கண்டுபிடிக்க உதவும் மிக முக்கியமான தடயம் அந்த அவசரத்தில்தான் தொலைகிறது. அடுத்த முறை அணையும்போது எதையும் தொடாமல், தொலைக்காட்சியின் கீழ் விளிம்பில் உள்ள சிறிய சிவப்பு விளக்கை ஒரு நிமிடமாவது கவனியுங்கள். சில மாடல்களில் இந்த விளக்கை மெனு வழியாக நிறுத்தி வைத்திருப்பார்கள். அப்படியிருந்தால் முதலில் அதை இயக்கிக்கொள்ளுங்கள்.

விளக்கு சீராக எரிந்துகொண்டிருந்தால், தொலைக்காட்சி யாரோ அல்லது எதுவோ கட்டளையிட்டபடி முறையாக அணைந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். விளக்கும் சேர்ந்து அணைந்திருந்தால், ஒன்று மின்சாரம் வந்து சேரவில்லை, அல்லது உள்ளே மற்றப் பகுதிகளுக்கு மின்சாரம் தரும் பவர் போர்டு வேலை செய்யவில்லை. விட்டுவிட்டு மின்னினால், உள்ளே ஏதோ ஒரு பகுதியில் கோளாறு கண்டு தொலைக்காட்சி தன்னைத்தானே பாதுகாத்துக்கொண்டிருக்கிறது. அணைந்த சில நொடிகளில் நிறுவனத்தின் சின்னத்துடன் தானே மீண்டும் தொடங்கினால், மென்பொருளையோ மின்வரத்தில் ஏற்படும் கணநேரத் தடையையோ சந்தேகிக்க வேண்டும். இவற்றோடு, இயக்கி எவ்வளவு நேரம் கழித்து அணைந்தது, அப்போது வீட்டில் வேறு எந்தச் சாதனம் இயக்கப்பட்டது என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் செய்யப்படும் பழுதுபார்ப்பில் பாதி, ஊகத்தின் பேரில் போர்டுகளை மாற்றிப் பார்ப்பதாகவே முடிகிறது. அதற்கான செலவு உங்களுடையது.

சிவப்பு விளக்கு சீராக எரிகிறது என்றால் மெனுவிலிருந்து தொடங்குங்கள். ஸ்லீப் டைமர், ஆஃப் டைமர் ஆகிய இரண்டையும் பாருங்கள். ஒரு நாள் இரவு யாரோ வைத்த ஆஃப் டைமர் ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் வேலை செய்துகொண்டிருக்கலாம். அடுத்து, பலருக்குத் தெரியாத ஓர் அமைப்பு இருக்கிறது. குறிப்பிட்ட நேரம்வரை யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை என்றால், பார்ப்பவர் இல்லை என்று கருதித் தொலைக்காட்சி அணைந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் வெளியிட்ட விதி, கடைசியாகப் பொத்தான் அழுத்தியதிலிருந்து 4 மணி நேரத்துக்குள் இவ்வாறு தானாக அணையும் வசதி தொலைக்காட்சிகளில் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. நம் நாட்டில் விற்கப்படும் பல மாடல்களிலும் இந்த வசதி இருக்கிறது. நம் வீடுகளிலோ ஒலியைக் கூட்டுவது, சேனல் மாற்றுவது எல்லாம் செட்டாப் பாக்ஸின் ரிமோட்டில்தான் நடக்கின்றன. தொலைக்காட்சியின் சொந்த ரிமோட்டை மாலை முழுவதும் யாரும் தொடுவதில்லை என்பதால், எதிரே குடும்பமே அமர்ந்திருந்தாலும் அதற்கு அது தெரியாது. ஏறக்குறைய 4 மணி நேரத்துக்கு ஒருமுறை அணைகிறது என்றால், வேறு எதையும் தேடுவதற்கு முன் ‘ஆட்டோ பவர் ஆஃப்’ என்பது போன்ற பெயரில் பொது அமைப்புகளிலோ மின்சேமிப்புப் பகுதியிலோ இருக்கும் அந்த வசதியை நிறுத்திப் பாருங்கள். சிக்னல் வராவிட்டால் சில நிமிடங்களில் அணையும் வசதியும் அதன் அருகிலேயே இருக்கும்.

இரண்டாவது சந்தேகம் எச்டிஎம்ஐ கேபிள் மீது எழ வேண்டும். படத்தையும் ஒலியையும் கொண்டுவரும் அதே கேபிளில், ஒரு சாதனம் மற்றொன்றுக்குக் கட்டளையிடுவதற்கான தனி இணைப்பும் இருக்கிறது. சிஇசி எனப்படும் இந்த வசதியைச் சாம்சங் ‘எனிநெட் பிளஸ்’ என்றும், எல்ஜி ‘சிம்ப்லிங்க்’ என்றும், சோனி ‘பிராவியா சிங்க்’ என்றும் அழைக்கின்றன. செட்டாப் பாக்ஸோ, சவுண்ட்பாரோ, ஸ்டிக் வகைச் சாதனமோ உறக்க நிலைக்குச் செல்லும்போது, தொலைக்காட்சியையும் அணையச் சொல்லி இதன் வழியாகக் கட்டளை அனுப்பக்கூடும். மெனுவில் இதை நிறுத்துவது ஒரு வழி. அதைவிட உறுதியானது, எச்டிஎம்ஐ கேபிள்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு, தொலைக்காட்சியில் உள்ள செயலி ஒன்றையோ பென் டிரைவில் உள்ள படத்தையோ ஒரு மாலை முழுவதும் ஓடவிட்டுப் பார்ப்பது. அணையவில்லை என்றால், கேபிள்களை ஒவ்வொன்றாக மீண்டும் மாட்டி, எதை மாட்டிய பிறகு கோளாறு திரும்புகிறது என்று கண்டுபிடிக்கலாம்.

ரிமோட்டைச் சோதிக்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை; ஆயினும் இதைத்தான் பலர் செய்யாமல் விடுகிறார்கள். ரிமோட்டிலிருந்து பேட்டரிகளைக் கழற்றி வைத்துவிட்டு, தொலைக்காட்சியில் உள்ள பொத்தானால் மட்டும் ஒரு நாள் இயக்குங்கள். அணைவது நின்றுவிட்டால் குற்றவாளி ரிமோட்தான். எண்ணெய்ப் பிசுக்கும் வியர்வையும் சேர்ந்து பவர் பொத்தான் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ரிமோட்டின் முனையைக் கைபேசியின் கேமராவுக்கு நேராகப் பிடித்தால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் வெளிர் ஊதாவாகத் தெரியும். எந்தப் பொத்தானையும் அழுத்தாதபோதே அது மினுக்கினால் ரிமோட்டை மாற்றிவிட வேண்டும். சில கைபேசிகளின் பின்பக்கக் கேமரா இந்த ஒளியை வடிகட்டிவிடும். அப்போது முன்பக்கக் கேமராவில் பாருங்கள். தொலைக்காட்சியில் உள்ள பொத்தானும் இதே வகையில் பழுதாகலாம். ஈரத்துணியால் கீழ் விளிம்பைத் துடைக்கும் பழக்கம் இருந்தால், பொத்தானுக்குள் நீர் இறங்கி, யாரோ அழுத்துவது போன்ற நிலையை உண்டாக்கும்.

இனி, விளக்கும் சேர்ந்து அணைகின்ற நிலைக்கு வருவோம். நம் ஊரில் இப்படி நடந்தால் ‘லோ வோல்டேஜ்’ என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆனால் இன்றைய எல்இடி தொலைக்காட்சிகள் பலவற்றின் பின்புறத் தகட்டில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வந்தாலும் அவை இயங்கும். ஆகவே குறைந்த மின்னழுத்தத்தைவிட, தளர்ந்த இணைப்பையே நான் முதலில் சந்தேகிப்பேன். பல தொலைக்காட்சிகளுடன் வரும் தட்டையான இரண்டு முனைப் பிளக்கின் ஊசிகள் 4 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. நம் சுவரில் உள்ள சாக்கெட் துளைகளோ சுமார் 5 மில்லிமீட்டர் ஊசிகளுக்காகச் செய்யப்பட்டவை. புதிதாக இருக்கும்போது பிடித்துக்கொள்ளும் சாக்கெட், நாளடைவில் தளர்ந்து, கதவை அறைந்து சாத்தினால்கூடத் தொடர்பை இழக்கும். தொலைக்காட்சியின் பின்னால் செருகும் முனையையும் மறக்க வேண்டாம். சுவரில் மாட்டிய தொலைக்காட்சியில், கேபிள் தன் எடையாலேயே மெல்ல இறங்கி வந்திருக்கும். பிளக்கைத் தொட்டால் சூடாக இருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, சோதனையை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சாக்கெட்டை மாற்றுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்பைக் பஸ்டர், ஸ்டெபிலைசர் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, சுவர் சாக்கெட்டில் நேரடியாகச் செருகிப் பார்ப்பதும் அவசியம். ஸ்டெபிலைசருக்குள் இருக்கும் ரிலே எனப்படும் தானியங்கு சுவிட்சின் தொடுமுனைகள் தேய்ந்திருந்தால், மின்னழுத்தத்தைச் சரிசெய்வதற்காக அது ‘டிக்’ என்று மாறும் ஒவ்வொரு முறையும் தொலைக்காட்சிக்குச் செல்லும் மின்சாரம் ஒரு கணம் அறுந்துபோகும். பாதுகாப்புக்காக வாங்கிய பொருளே பழுதாகத் தோன்றும் இடம் இது. இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில், மின்சாரம் போகும்போதும் வரும்போதும் மட்டும் தொலைக்காட்சி அணைந்து தொடங்குகிறது என்றால், இன்வெர்ட்டரில் உள்ள சுவிட்சை ‘யுபிஎஸ்’ நிலைக்கு மாற்றிப் பாருங்கள். அந்த நிலையில் மாறுதல் விரைவாக நடக்கும்.

ஒரே ஓர் அறிகுறி தெரிந்தால் மட்டும் சோதனையைத் தொடரக் கூடாது. மோட்டாரோ மிக்சியோ ஓடும்போது சில அறைகளில் விளக்குகள் மங்கி, வேறு அறைகளில் வழக்கத்தைவிட அதிகப் பிரகாசமாக எரிந்தாலோ, மின்விசிறி திடீரென வேகமெடுத்தாலோ, மும்முனை இணைப்பு உள்ள வீட்டில், மின்சாரம் திரும்பிச் செல்லும் பொதுக் கம்பியான நியூட்ரல் தளர்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கும் மின்னழுத்தம் வந்துவிடக்கூடும். தொலைக்காட்சி மட்டுமல்ல, குளிர்பதனப் பெட்டி, வைஃபை கருவி எல்லாம் ஒரே நேரத்தில் கருகும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு உடனே மின்வாரிய அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள்.

இயக்கிய பின் ஏறக்குறைய ஒரே கால அளவில் அணைந்து, சிறிது நேரம் ஓய்வு கொடுத்தால் மீண்டும் இயங்குகிறது என்றால் வெப்பம்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு மேசை மின்விசிறியைத் தொலைக்காட்சியின் பின்பக்கம் காற்றுப்படுமாறு வைத்துப் பாருங்கள்; அணையும் வரையிலான நேரம் நீண்டால் ஐயம் உறுதியாகும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, காற்றுத் துளைகளில் படிந்த தூசியை உலர்ந்த தூரிகையால் வெளிப்புறமாகத் துடைத்தெடுங்கள். மர அலமாரிக்குள் பொருத்தியிருந்தால் மேலேயும் பக்கங்களிலும் 10 சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள்.

அணைந்து தானே தொடங்கும் தொலைக்காட்சிக்கு, பிளக்கை உருவிச் சில நிமிடங்கள் விட்டு மீண்டும் செருகுவது, மென்பொருளைப் புதுப்பிப்பது, யுஎஸ்பி துளையில் உள்ளவற்றை அகற்றுவது ஆகிய மூன்றையும் இந்த வரிசையில் செய்யுங்கள். கடைசியாகத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பலாம். அதில் உங்கள் அமைப்புகள் எல்லாம் அழிந்துவிடும் என்பதால், கடவுச்சொற்களை முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மின்னும் விளக்கு வேறு வகை. எத்தனை முறை மின்னி, எவ்வளவு இடைவெளி விட்டு, மறுபடி எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். சோனி போன்ற நிறுவனங்களின் தொலைக்காட்சிகளில் இந்த எண்ணிக்கையே எந்தப் பகுதி பழுது என்பதைத் தெரிவிக்கும். கைபேசியில் அதைப் படம்பிடித்து வைத்தால் மெக்கானிக்கிடம் விளக்குவது எளிது. எல்இடி தொலைக்காட்சிகளில் அதிகம் காணப்படும் பழுது, திரைக்குப் பின்னால் ஒளி தரும் பேக்லைட் பட்டைகளில் வருவதாகும். அவற்றில் உள்ள சிறு எல்இடிகள் தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்று அறுந்தாலும் மின்னோட்டம் தடைபட்டு, அதைக் கண்டுகொள்ளும் சுற்று தொலைக்காட்சியை அணைத்துவிடும். படம் ஓரிரு நொடிகள் தோன்றி மறைந்தால் இதையே சந்தேகிக்கலாம். சில மாடல்களில் ஒலி மட்டும் தொடரும். அப்போது அறையை இருட்டாக்கி, டார்ச் ஒளியைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால், படத்தை உருவாக்கும் விலை மிகுந்த பேனலுக்கு ஒன்றும் ஆகவில்லை, பேக்லைட்டும் அதற்கு மின்சாரம் தரும் பகுதியும் மட்டுமே பழுது என்று ஆறுதல் கொள்ளலாம்.

நீண்ட ஓய்வுக்குப் பின் பலமுறை முயன்றால்தான் இயங்குகிறது, இயங்கிய பிறகு ஓரளவு நிலைக்கிறது என்றால், பவர் போர்டில் உள்ள மின்தேக்கிகள் (கெப்பாசிட்டர்கள்) வலுவிழந்திருக்கும். மேற்பகுதி உப்பியிருப்பது அதற்கான வெளிப்படையான அடையாளம். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுவியலில் பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. ஆனால் பின்மூடியை நீங்களே திறந்து இதைப் பார்க்க வேண்டாம். அந்தப் போர்டின் முதன்மை மின்தேக்கியில் 325 வோல்ட் அளவுக்கு நேர்மின்சாரம் தேங்கியிருக்கும்; பிளக்கை உருவிய பிறகும் அது சிறிது நேரம் நிற்கக்கூடும். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியில் இந்த அளவு 20,000 வோல்ட்டையும் தாண்டும்.

உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால், வெளியாள் யாரும் திறக்க இடம் கொடாமல் நிறுவனத்தின் சேவை மையத்தையே அழையுங்கள். முடிந்திருந்தால், நீங்கள் எழுதிய குறிப்பைக் காட்டி, எந்தப் பகுதியை மாற்றப் போகிறார், மாற்றிய பழைய பகுதியைத் திருப்பித் தருவாரா என்று மெக்கானிக்கிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பேக்லைட் பழுதுக்கு, அறுந்த ஓர் எல்இடியை மட்டும் மாற்றுவதைவிடப் பட்டைகள் அனைத்தையும் மாற்றச் சொல்வதே நல்லது. அதே வெப்பத்தில் அதே காலம் உழைத்த மற்றவையும் விரைவில் அறும், ஒவ்வொரு முறையும் பேனலைக் கழற்றும்போது அது உடையும் அபாயம் இருக்கிறது. மின்தேக்கிகள் என்றால், பழைய கொள்திறனுக்கும் வோல்ட் அளவுக்கும் குறையாததும், 105 டிகிரி செல்சியஸ் வெப்பம்வரை தாங்கும் என்று அச்சிட்டதுமான வகையைப் போடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும், மெனுவில் பேக்லைட் அளவை முழுமையிலிருந்து சற்றுக் குறைத்துவிட்டு, முன்பு எவ்வளவு நேரத்தில் அணைந்ததோ அதைப் போல் இருமடங்கு நேரமாவது மேசை மீது வைத்தே ஓடவிடுங்கள். சுவரில் மாட்டுவது அதன் பிறகு இருக்கட்டும்.