வடசென்னையில் பூட்டிக் கிடக்கும் வீடு வாங்க நினைப்பவர்களுக்கு

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் உள்தெருக்களில் நடந்து பாருங்கள். பூட்டு தொங்கும் வீடுகள் நிறையக் கண்ணில் படும். சுவரில் பெயிண்டால் ‘வீடு விற்பனைக்கு’ என்று எழுதி, கீழே ஒரு போன் நம்பர் இருக்கும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு, வெளிநாட்டில் இருந்து லீவில் வருகிறவர்களும் இந்தப் பக்கம் வீடு பார்க்கிறார்கள். பார்க்க வேண்டிய ஊர்தான். கடல், கோயில், மார்க்கெட், ரயில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன, அக்கம்பக்கத்தில் மனிதர்களும் இருக்கிறார்கள். ஆனால் மூன்று வார லீவில் வீட்டைப் பார்த்து, பேசி, பதிவும் முடித்துவிட்டு விமானம் ஏற நினைக்காதீர்கள். இந்தப் பயணத்தில் வீட்டை நேரில் பார்த்து, நாலு பேரிடம் விசாரித்தால் போதும்.

விலையைக் கேட்பதற்கு முன்னால், வீடு ஏன் பூட்டியிருக்கிறது என்று கேளுங்கள். புரோக்கரிடம் கேட்டுப் பயனில்லை. எதிர்வீட்டு அம்மாவிடம், முனைக் கடைக்காரரிடம், தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் கேளுங்கள். “அண்ணன் தம்பிக்குள்ள கேஸு நடக்குது”, “மழைக்குத் தண்ணி ஏறிடும்”, “கீழ் வீட்டுக்காரர் லீசுப் பணம் கொடுத்தவரு, காலி பண்ண மாட்டார்” என்று பத்திரத்தில் தெரியாத விஷயமெல்லாம் பத்து நிமிடத்தில் வந்துவிடும்.

பெரும்பாலும் காரணம் வாரிசுதான். தாத்தா பெயரில் பத்திரம் இருக்கும், பிள்ளைகள் நாலு ஊரில் இருப்பார்கள், பாகப்பிரிவினை நடந்திருக்காது. அண்ணன் ஒருவரே நின்று விலை பேசுவார். தங்கைகளைப் பற்றிக் கேட்டால் “அவங்களுக்கு அப்பவே நகை போட்டாச்சு” என்பார். அந்தப் பதிலோடு விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 1989லேயே பூர்வீகச் சொத்தில் அதுவரை திருமணமாகாத மகளுக்கும் சம பங்கு என்று இந்து வாரிசுச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். 2005இல் நாடு முழுக்க, திருமணமானவர் உட்பட எல்லா மகள்களுக்கும் அந்த உரிமை வந்தது. வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுத்தரும் பதிவான விடுதலைப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் அந்த வீடு வேண்டாம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

அடுத்தது அடிமனை. திருவொற்றியூர் போன்ற பழைய கோயில் ஊர்களில் கட்டடம் ஒருவருடையதாகவும் மனை கோயிலுடையதாகவும் இருப்பது உண்டு. வீட்டுவரி ரசீதும் கரண்ட் பில்லும் விற்பவர் பெயரில் இருப்பதாலேயே மண் அவருடையதாகிவிடாது. அரசின் வீட்டு வாரியக் குடியிருப்புகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஒதுக்கீட்டு ஆணை வேறு, விற்பனைப் பத்திரம் வேறு. வாரியம் பத்திரமே எழுதிக் கொடுக்காத வீட்டை ஒருவர் உங்களுக்குக் கிரயம் செய்ய முடியாது. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, நகர நில அளவைப் பதிவேட்டு நகல் மூன்றையும் உங்கள் செலவில், உங்கள் வக்கீலிடம் கொடுத்துப் பாருங்கள். விற்பவரின் வக்கீல் ‘எல்லாம் சரி’ என்றார் என்பது கணக்கில் சேராது.

வீட்டுக்குள் போகும்போது கையில் டார்ச் இருக்கட்டும். வெகுநாள் பூட்டிய வீட்டில் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தால், தரையில் இருந்து இடுப்பளவு வரை சுவரைக் கையால் தடவுங்கள். உப்புப் பூத்து மாவாக உதிர்ந்தால் ஈரம் உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். கதவு நிலையின் அடியிலும் மரப்பெட்டியின் பின்புறமும் தண்ணீர் நின்ற கோடு தெரிகிறதா பாருங்கள். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு (மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய கூரை) என்றால் தேக்கு உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும், கரையானும் ஒழுகலும் அங்கேதான் ஆரம்பிக்கும். போர் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். கடலோரத்தில் உப்புக் கரித்தால் மெட்ரோ வாட்டர் குடிநீர் இணைப்பு உண்டா என்று கேட்டாக வேண்டும்.

கோடை லீவில் பார்த்த தெருவை டிசம்பரில் ஒருமுறை பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். ஓட்டேரி நல்லா கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு இவற்றின் கரையோரம் என்றால் 2015லும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று கேளுங்கள். எண்ணூர்ப் பக்கம் 2023இல் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் வந்தது. மணலி, எண்ணூர், கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் வீடு பார்த்தால் இரவு பத்து மணிக்கு மேல் ஒருமுறை போய் நில்லுங்கள். காற்றில் வரும் நெடியும் கன்டெய்னர் லாரிகளின் சத்தமும் அப்போதுதான் தெரியும். குழந்தைகளும் வயசான பெற்றோரும் அங்கே வாழப் போகிறார்கள் என்றால் இதைவிட முக்கியமான சோதனை கிடையாது.

அப்புறம் உங்கள் தகுதி. இந்தியக் கடவுச்சீட்டோ ஓசிஐ (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான) அட்டையோ இருந்தால் குடியிருப்பு வீடு வாங்கத் தனி அனுமதி தேவையில்லை. விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் மட்டும் விலைக்கு வாங்க முடியாது. ஓசிஐ இல்லாத இலங்கைக் குடிமக்களுக்கு ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். கனடா, பிரிட்டன் கடவுச்சீட்டு மட்டும் உள்ள ஈழத்து உறவுகளும் டோக்கன் கொடுப்பதற்கு முன்பே இதை வக்கீலிடம் தெளிவு செய்துகொள்ளுங்கள்.

பணம் வங்கி வழியாக, என்ஆர்ஐ கணக்கில் இருந்தோ நேரடிப் பணமாற்றமாகவோ போகட்டும். கையில் ரொக்கம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும், வெறும் பத்திரத்தாளில் எழுதிய ஒப்பந்தத்தை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூரில் வசிப்பவரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கினால் 1 சதவீத வரியை நீங்கள்தான் பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவரும் வெளிநாட்டுவாசி என்றால் அந்த வரம்பே கிடையாது, வரியும் அதிகம். ஆடிட்டரை முதலிலேயே பாருங்கள்.

பதிவுக்கு நேரில் வர முடியாதவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்று, தங்கள் சார்பில் பதிவு செய்யும் ஒருவருக்குப் பவர் பத்திரம் அனுப்பலாம். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். இந்த ஒரு வீட்டுக்கு, இந்த ஒரு வேலைக்கு என்று குறிப்பிட்டே எழுதுங்கள், சொந்த மச்சானாகவே இருந்தாலும். பதிவு முடிந்ததும் பட்டா, சொத்துவரி, குடிநீர், மின் இணைப்பு நான்கையும் உங்கள் பெயருக்கு மாற்ற அந்த வாரமே மனு கொடுத்துவிடுங்கள்.