நடுக்கத்தை மட்டும் தேடிக்கொண்டிருக்காதீர்கள்

அப்பாவின் கைக்கடிகாரம் அடிக்கடி நின்றுபோனது. கை வீசி நடந்தாலே தானாகச் சாவி ஏறிக்கொள்ளும் ரகம் அது. இரண்டு முறை பழுது பார்க்கக் கொடுத்தோம். ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பித் தந்தார்கள். கோளாறு அதைக் கட்டியிருந்த இடது கையில். நடக்கும்போது அந்தக் கை வீசவே இல்லை. அதே பக்கத் தோள்வலிக்கு எட்டு மாதம் வைத்தியம் வேறு நடந்தது. கை நடுங்காததால் இது பார்க்கின்சன் என்ற நரம்பு நோயாக இருக்கலாம் என்ற பேச்சே எழவில்லை.

1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதை நடுங்கும் வாதம் என்றுதான் எழுதினார். தமிழிலும் நடுக்குவாதம். பெயரே நம்மைத் திசைதிருப்பிவிடுகிறது. நடுக்கமே வராதவர்களும் உண்டு. ஆனால் அசைவு மந்தமாகாமல் இந்த நோய் இல்லை. அதனால் முதலில் பார்க்க வேண்டியது வேகத்தை.

வயதானால் எல்லாரும் மெதுவாகத்தானே செய்வார்கள் என்று நாங்களும் நினைத்தோம். வித்தியாசம் இதுதான்: இதில் அசைவு போகப் போகச் சுருங்கும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக அகட்டி, வேகமாகத் தட்டச் சொல்லுங்கள், பத்துப் பதினைந்து தடவை. முதல் நாலைந்து அகலமாக வரும். பிறகு இடைவெளி குறையும், நடுவில் தடுக்கி நிற்கும். மற்றக் கையிலும் செய்யச் சொல்லி ஒப்பிடுங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் முதலில் பாதிக்கும். பின்னால் மறுபக்கம் பரவினாலும் தொடங்கிய பக்கமே மோசமாக இருக்கும்.

கோடு போடாத தாளில் ஒரே வாக்கியத்தை ஆறு வரி எழுதச் சொல்வதும் நல்ல சோதனை. எழுதும் கை பாதிக்கப்பட்டிருந்தால் எழுத்து வரவரப் பொடியாகிவிடும். அப்பாவுக்குப் பாதித்தது எழுதாத இடது கை என்பதால் இது எங்களுக்கு உதவவில்லை. சட்டைப் பொத்தான்தான் காட்டிக்கொடுத்தது: வலது கை துளையைத் தேட, இடது கை துணியைப் பிடித்தபடி மரம்போல நின்றது.

நடுக்கம் இருந்தால், அது எப்போது வருகிறது என்று கவனியுங்கள். கை மடியில் சும்மா கிடக்கும்போது, விநாடிக்கு 4 முதல் 6 முறை, விரல்கள் மாத்திரை உருட்டுவது போல ஆடினால் சந்தேகப்படலாம். 100-லிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னால், ஒளிந்திருக்கும் நடுக்கமும் வெளியே வரும். சும்மா இருக்கும்போது ஒன்றுமில்லாமல், குவளையைத் தூக்கும்போது மட்டும் இரண்டு கையும் ஆடினால் அது பெரும்பாலும் வேறு நோய்.

தசை விறைப்பும் இதன் அறிகுறிதான். அதைச் சோதிக்க நீங்களாக மணிக்கட்டை வளைத்துப் பார்க்க வேண்டாம், அது மருத்துவர் வேலை. முகத்தைப் பாருங்கள். கண் சிமிட்டுவது குறைந்து, முகம் அசைவற்றிருக்கும். "யார் மேல கோபம்ப்பா?" என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம், பாவம்.

நடையில் நேராகப் போவதைவிடத் திரும்புவதுதான் முக்கியம். ஒரே சுழற்சியில் திரும்பாமல், உடம்பு மொத்தமும் கட்டையாக, ஐந்தாறு சிற்றடி வைத்துத் திரும்புவார். வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்வதும் நிலைதடுமாறுவதும் பெரும்பாலும் பிந்தி வருபவை. ஆரம்பத்திலேயே அடிக்கடி விழுந்தால் பார்க்கின்சன் போலத் தோன்றும் வேறு நோயாகவும் இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது மாத்திரைப் பட்டியலையும் எடுத்துப் போங்கள். வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்கான சின்னரிசின், சில மனநல மருந்துகள் இதே அறிகுறிகளை உண்டாக்கும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

அலைபேசியில் அவர் நடப்பதைப் பின்னாலிருந்து படமெடுத்து வையுங்கள். சொல்லிவிட்டே எடுக்கலாம், நாலு நாள் எடுத்தால் மறந்துபோய் இயல்பாக நடப்பார். மருத்துவர் முன்னால் எங்கள் அப்பா அணிவகுப்பில் போவதுபோல இரண்டு கையையும் வீசி நடந்து காட்டினார். நல்லவேளை, கையில் நாற்பது விநாடி வீடியோ இருந்தது.