நிமோனியாவுக்குப் பிறகு நடைப்பயிற்சியா? பேசிப் பாருங்கள்

நிமோனியா போன்ற கடுமையான நெஞ்சு நோயிலிருந்து தேறி மறுபடி நடக்கத் தொடங்கும்போது, நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். பாட்டே பாட முடிகிறதா? சரி, கொஞ்சம் கூட்டலாம். வெளிவிடும் மூச்சில்தான் பேச்சு ஓடுகிறது. நுரையீரல் திணறும்போது உடம்பு மூச்சைத்தான் முதலில் கவனிக்கும், பேச்சு துண்டுதுண்டாகிவிடும். நாடி எண்ணுவதைவிட இது எளிது. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடி எப்படியும் சரியாகக் காட்டாது.

ஆனால் ஆக்சிஜன் குறைவதை இது எப்போதும் காட்டிக்கொடுக்காது. வீட்டில் ஆக்சிஜன் எடுப்பவர்கள் மருத்துவர் சொன்ன அளவை ஆக்சிமீட்டரில் பார்த்தே நடக்க வேண்டும். காய்ச்சல் விடவில்லையா, பயிற்சியே வேண்டாம். நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.